என்ட்ரியா, என்ட்ரன்ஸா? போர்டிலும் பேரேட்டிலும் கண்டவை

ஃபிளெக்ஸ் வடிவமைப்பு, கும்பகோணம்
கல்யாண மண்டப போர்டுல இந்தக் குழப்பம் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் வருது. வாசலைக் காட்டினா என்ட்ரன்ஸ். உள்ளே போகாதேன்னு தடுத்தா நோ என்ட்ரி. சமையல்கட்டுக் கதவுல 'நோ என்ட்ரன்ஸ்'னு அடிச்சா, "இங்கே வாசலே கிடையாது"ங்கிற மாதிரி ஆயிடும். கதவு கண்ணெதிர நிக்குது! அம்புக்குறி போர்டுல என்ட்ரின்னு போடுறதுக்கு இடமும் ஒரு காரணம். ஆங்கிலத்துல அது 5 எழுத்து, மற்றது 8. 2 அடி அகலத்துல 8 எழுத்தை அடைச்சா தூரத்துலேர்ந்து படிக்க முடியாது. பார்க்கிங்ல 'என்ட்ரி – எக்ஸிட்'னு ஜோடியா போடுறது தப்பில்லை. தமிழ்ல 'நுழைவு'ன்னு மொட்டையா விடாம 'உள்ளே செல்லும் வழி'ன்னு போடுங்க.

ஆங்கில ஆசிரியர், தஞ்சாவூர்
பெரிய கோயிலை வைத்தே பிரித்துவிடலாம். கேரளாந்தகன் திருவாசல், அதைத் தாண்டினால் ராஜராஜன் திருவாசல்: இரண்டும் என்ட்ரன்ஸ். சென்னை மாகாணத்தில் 1947இல் வந்த ஆலய நுழைவுச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரில் இருப்பது டெம்பிள் என்ட்ரி. அது உள்ளே போகும் உரிமை. அங்கே என்ட்ரன்ஸ் என்று எழுதினால் உரிமை போய்க் கோபுர வாசல்தான் மிஞ்சும்.

உச்சரிப்பிலும் ஒரு பள்ளம் உண்டு. முதல் அசையை அழுத்தினால் வாசல். இரண்டாவதை அழுத்தி 'இன்ட்ரான்ஸ்' என்றால் அது வினைச்சொல், மெய்மறக்கச் செய்வது. எழுத்துக்கூட்டல் ஒன்றே. நாம் சொல்லும் 'மாஸ் என்ட்ரி'க்கு, மேடை ஏறும் நடிகரைப் பொறுத்தவரை, ஆங்கிலத்தில் என்ட்ரன்ஸ்தான் வழக்கம். "பையன் என்ட்ரன்ஸ் எழுதுகிறான்" என்பது நம்மூர்ச் சுருக்கம். ஆங்கிலத்தில் எக்ஸாம் என்று சேர்க்காவிட்டால் புரியாது.

கணக்கு எழுதுபவர், திருவாரூர்
பேரேட்டுல என்ட்ரன்ஸுக்கு வேலையே இல்லை. நெல் கொள்முதல்ல 40 கிலோ சிப்பம் எத்தனைன்னு எழுதுற ஒவ்வொரு வரியும் ஒரு என்ட்ரி. ஒரே வரவை ரெண்டு தடவை ஏத்திட்டா டூப்ளிகேட் என்ட்ரி; மூட்டையை எண்ணும்போது இருப்பு இடிக்கும். விசாவுல 'மல்டிபிள் என்ட்ரி'ன்னா பல தடவை போய் வரலாம்னு அர்த்தம், பல வாசல் இல்லை.

ஆசிரியர் சார், அப்ப 'என்ட்ரன்ஸ் ஃபீ' தப்பா?

ஆங்கில ஆசிரியர், தஞ்சாவூர்
இல்லைங்க. கட்டணத்துக்கு இரண்டும் செல்லும். போட்டிக்குப் பணம் கட்டினால் மட்டும் என்ட்ரி ஃபீ என்பதே பொருத்தம், அங்கே அனுப்பும் படைப்புக்கும் என்ட்ரி என்றுதான் பெயர்.