திருவான்மியூர் ஃபிளாட்டில் மரத்தரை: போடலாமா, வேண்டாமா?

திருவான்மியூர்_மாடி:
மூன்றாவது மாடியில் புது ஃபிளாட், கடற்கரைக்கு நடந்தே போகலாம். சாவி கைக்கு வந்துவிட்டது, தை மாதம் குடிபோக எண்ணம். ஹாலிலும் சமையலறையிலும் பில்டர் போட்ட விட்ரிஃபைட் டைல்ஸ் இருக்கிறது. இரண்டு படுக்கையறையில் மட்டும் டைல்ஸ் வேண்டாம் என்று சொல்லி சிமென்ட் தளமாகவே விடச் சொன்னோம், மரத்தரை போட வேண்டும் என்று வீட்டில் ரொம்ப நாள் ஆசை. இன்டீரியர்காரர் எஞ்சினியர்டு ஓக் (மேலே மெல்லிய ஓக் மரம், அடியில் ஒட்டுப்பலகை அடுக்குகள்) என்கிறார். எங்கள் ஆசாரி "அது பிளைவுட் சார், அசல் தேக்கே போடுங்க" என்கிறார். மாமனார் சென்னையில் மரத்தரையா என்று சிரிக்கிறார். போட்டவர்கள், போடுபவர்கள், போட்டுவிட்டுப் பிடுங்கியவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கடப்பாக்கல்:
மாமனார் பேச்சைக் கேளுங்கள் சார். இந்த ஊரில் ஐப்பசி பிறந்தால் கதவே நிலையில் பிடித்துக்கொண்டு மூடாது, அதுவும் பெயின்ட் அடித்த கதவு. அதே மரத்தைச் சுவருக்குச் சுவர் நெருக்கி அடுக்கினால் என்ன ஆகும்? பெசன்ட் நகரில் எங்கள் பக்கத்து வீட்டில் போட்டார்கள். முதல் மழைக்காலத்திலேயே இணைப்பெல்லாம் உப்பிக்கொண்டு நடந்தால் காலில் இடறும் அளவுக்கு வந்துவிட்டது. போட்டவர் அதற்கப்புறம் ஃபோனை எடுக்கவே இல்லை. கடப்பா, மொசைக், ரெட் ஆக்சைடு, ஆத்தங்குடி என்று இந்த வெயிலுக்கும் ஈரத்துக்கும் சரிப்படுவது எல்லாம் கையிலேயே இருக்கும்போது எதற்கு இந்த வேலை?

ரீப்பர்க்கட்டை:
மரத்தரை போடுவதுதான் எனக்குத் தொழில், அதனால் நான் ஒரு பக்கம் சாய்வேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடப்பாக்கல் சார், இணைப்பில் உப்பியது என்றால் அது பெரும்பாலும் மரமே இல்லை, லேமினேட். மரநாரை அழுத்திச் செய்த எச்.டி.எஃப். பலகையின் மேல் மரத்தின் படத்தை ஒட்டிய சரக்கு. இணைப்பு வழியாகத் தண்ணீர் இறங்கினால் விளிம்பு உப்பும், அப்புறம் எவ்வளவு காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது. அசல் மரம் வேறு மாதிரி. ஈரம் ஏறினால் அகலத்தில் விரியும், காய்ந்தால் சுருங்கும், நீளவாக்கில் நகர்வது கண்ணுக்கே தெரியாது.

விஷயம் என்னவென்றால், காற்றில் ஈரம் எவ்வளவோ அதற்குத் தகுந்த ஒரு அளவில் மரம் போய் நின்றுகொள்ளும். 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் என்றால் மரத்துக்குள் சுமார் 9 சதவீதம், காற்று 75 என்றால் மரம் சுமார் 14. குளிர்நாட்டு வீடுகளுக்காகச் சூளையில் காயவைத்த பலகை 6 முதல் 9 சதவீதத்தில் பெட்டியில் வருகிறது. அதைப் பிரித்த கையோடு இங்கே ஒட்டிவிட்டுப் போகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சாதாரணமாக அறுத்த 125 மி.மீ. அகல முழு ஓக் பலகை 8 சதவீதத்திலிருந்து 13க்குப் போனால் ஒரு பலகை 2 மி.மீ.க்குக் கொஞ்சம் கூடவே விரியும். 12 அடி அறையில் ஏறக்குறைய 29 பலகை, தடை ஏதும் இல்லாவிட்டால் மொத்தம் 65 மி.மீ. சுவரோரம் விடும் இடைவெளியோ 10, 12 மி.மீ.தான். மிச்சம் எங்கே போகும்? மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். இதில் மரத்தைக் குற்றம் சொல்லி என்ன பயன், அளந்து பார்க்காமல் போட்டவரைச் சொல்ல வேண்டும்.

கடப்பாக்கல்:
என் கட்சிக்கு நீங்களே கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டீர்கள், நன்றி. இவ்வளவு ஆட்டம் போடும் பொருளை வீட்டுக்குள் எதற்குக் கொண்டுவர வேண்டும்?

ரீப்பர்க்கட்டை:
8 சதவீதத்தில் போட்டால்தான் அந்த ஆட்டம். பலகையை 11, 12 சதவீதத்துக்குக் கொண்டுவந்து போட்டால் அப்புறம் இரண்டு பக்கமும் கொஞ்சம்தான் நகரும். தேக்கு என்றால் அதே கணக்கில் ஓக்கில் பாதிதான் வரும். எஞ்சினியர்டு பலகையில் அடியில் இருக்கும் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் மேல் மரத்தை இழுத்துப் பிடிக்கும், நகர்வு இன்னும் குறையும். உங்கள் ஆசாரி சொல்வது போல அது பிளைவுட்தான், ஆனால் இந்த ஊருக்கு அந்தப் பிளைவுட்தான் பலம். மேல் மரம் 3, 4 மி.மீ. இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், அப்போதுதான் பிற்காலத்தில் ஒருமுறை இழைத்துப் பாலிஷ் போட முடியும்.

"பெட்டியை மூன்று நாள் அறையில் வையுங்கள், செட் ஆகிவிடும்" என்று ஒருத்தர் சொன்னதை எல்லோரும் சொல்கிறார்கள். பிளாஸ்டிக் சுற்றின பெட்டிக்குள் இருக்கும் மரம் எங்கே செட் ஆகும்? நாள் கணக்கை விட்டுவிட்டு மாய்ஸ்சர் மீட்டர் என்ன காட்டுகிறது என்று கேளுங்கள். ஐ.எஸ். 287 என்று ஒரு தரநிலையே இருக்கிறது, நாட்டை ஈரப்பதத்தை வைத்து நான்கு மண்டலமாகப் பிரித்து எந்த வேலைக்கு மரத்தில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று சொல்கிறது. கதவு நிலை வாங்கும்போதுகூட அதை யாரும் கேட்பதில்லை.

ரசமட்டம்:
பொதுப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். இரண்டு பேரும் மரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், கீழே இருக்கும் கான்கிரீட்டை மறந்துவிட்டீர்கள். புதுத் தளம் என்றால் உள்ளே தண்ணீர் இருக்கும். ஒரு அங்குல கனம் காய ஒரு மாதம் என்பது பழைய கணக்கு, அதுவும் நல்ல காற்றோட்டத்தில். மேலே பூசிய சிமென்ட் வேறு தனியாகக் காய வேண்டும். ஓதம் கீழிருந்து ஏறினால் பலகையின் அடிப்பக்கம் விரியும், மேல்பக்கம் அப்படியே நிற்கும், அதனால் இரண்டு விளிம்பும் தூக்கிக்கொண்டு நடு பள்ளமாகிவிடும். அதைப் பார்த்த உடனே மெஷின் வைத்து இழைத்துவிடுவார்கள். அது இன்னும் மோசம். ஓதம் காய்ந்ததும் இழைத்த விளிம்பு கீழே இறங்கி நடு மேடாக நிற்கும்.

தம்பி, ஒரு எளிய சோதனை சொல்கிறேன். ஒன்றரை அடிச் சதுரத்தில் கனமான பாலிதீன் ஷீட்டைத் தளத்தில் விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டுங்கள். மறுநாள் பிரித்துப் பாருங்கள். அடியில் நீர்த்துளியோ தளத்தில் கருமையோ இருந்தால் மரத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காதீர்கள்.

ரீப்பர்க்கட்டை:
சார் சொல்வது சரி, ஆனால் அந்த ஷீட் சோதனை அப்பட்டமான ஈரத்தைத்தான் காட்டும். ஷீட் காய்ந்திருந்தால் தளம் காய்ந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை. தளத்தில் துளை போட்டு உள்ளே சென்சார் வைத்து அளப்பதுதான் நம்பகம். மாடித் தளம் மேலும் கீழும் காய்வதால் கனத்தில் 20 சதவீத ஆழம் போதும், தரைத்தளம் என்றால் 40 சதவீத ஆழத்துக்குப் போக வேண்டும். பசை தயாரிப்பவர்கள் பலர் அந்தத் துளைக்குள் காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பார்கள்.

கடப்பாக்கல்:
ஒரு நிமிஷம். மழைக்காலத்தில் இந்த ஊர்க் காற்றே 75க்கு மேலேதான் நிற்கிறது. அந்தக் காற்றில் உலர்கிற கான்கிரீட் எந்தக் கணக்கில் 75க்குக் கீழே இறங்கும்? தெரிந்துதான் பேசுகிறீர்களா, இல்லை வெளிநாட்டுக் கையேட்டைப் படிக்கிறீர்களா?

ரீப்பர்க்கட்டை:
நல்ல கேள்வி, இதை வாடிக்கையாளர் யாரும் கேட்டதில்லை. இறங்காதுதான். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கார்த்திகையில் காத்திருந்தால் இறங்கவே இறங்காது. அதனால்தான் தளத்தின் மேல் எபாக்சி ஈரத்தடை இரண்டு கோட் அடித்துவிட்டு அதன் மேல் பசை போடுகிறோம். பசை என்றால் பலகைக்கு ஒரு சொட்டு இரண்டு சொட்டு வைப்பதில்லை, பல் வைத்த கரண்டியால் முழுப்பரப்பும் இழுக்க வேண்டும். கொட்டேஷனில் இந்த எபாக்சி வரியே இல்லாவிட்டால் அந்த ஆளிடம் மேலே எதுவும் கேட்க வேண்டாம். அதோடு 10 அடிக்கு 5 மி.மீ.க்கு மேல் ஏற்ற இறக்கம் இருந்தால் தளத்தைச் சமன் செய்தாக வேண்டும். பில்டர் பூசிய சிமென்ட் எப்படி இருக்கும் என்று ரசமட்டம் சாருக்கே தெரியும்.

ரசமட்டம்:
தெரியும் தெரியும், அதைச் சொல்ல ஆரம்பித்தால் இந்த இழை போதாது.

மொட்டைமாடி_மல்லி:
எங்கள் வீட்டில் படுக்கையறையில் தேக்குத் தரை இருக்கிறது, அடையாறில்தான். உப்பவில்லை, தூக்கவில்லை, கோடையில் பலகைக்கு நடுவே மெல்லிய கோடு தெரியும், மழைக்காலத்தில் மறைந்துவிடும், அவ்வளவுதான். ஆனால் இந்தப் பேச்சில் யாரும் வீட்டு வேலையைப் பற்றிச் சொல்லவில்லை, ஆண்கள் பேசினால் இப்படித்தான். வெள்ளிக்கிழமை வீடு கழுவுகிற பழக்கம் இருந்தால் அந்த அறையை அதில் சேர்க்கவே கூடாது. பக்கெட்டில் முக்கிய மாப் ஆகாது, நன்றாகப் பிழிந்த துணிதான். வேலைக்கு வரும் அக்காவுக்கு நான் எத்தனை முறை சொன்னாலும் ஹாலில் துடைத்த அதே மாப் அப்படியே உள்ளே வந்துவிடும். இது போக ஏசி. நம் வீடுகளில் ஏசி தண்ணீர் போகும் குழாய் அடைத்துக்கொண்டு சுவரோரம் சொட்டுவது சகஜம். டைல்ஸில் ஒரு துணி போட்டால் முடிந்தது, மரத்தில் காலையில்தான் பார்க்கிறீர்கள் என்றால் அந்த மூலை கறுத்திருக்கும். புயல் மழையில் ஸ்லைடிங் ஜன்னலின் தடத்தில் தண்ணீர் நிரம்பி உள்ளே வழிவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மிக்ஜாம் புயல் அன்று எங்கள் தெருவில் பாதி வீட்டில் அதுதான் கதை.

கடப்பாக்கல்:
மல்லி அக்கா சொன்னது பத்துப் பதிவுக்குச் சமம். ராத்திரி ஏசி போட்டு அறையை உலர்த்துவது, பகலில் ஜன்னலைத் திறந்து கடல்காற்றை உள்ளே விடுவது, தினமும் இதே கூத்து. எந்த மரம் தாங்கும்?

ரீப்பர்க்கட்டை:
தினசரி ஏற்ற இறக்கம் மரத்தின் மேல்தோலோடு நின்றுவிடும், நல்ல பாலிஷ் இருந்தால் அதுவும் குறைவு. உள்வரைக்கும் ஈரம் மாற வாரக்கணக்கில் ஆகும். பயப்பட வேண்டியது வீட்டைப் பூட்டிக்கொண்டு ஐப்பசி கார்த்திகையில் ஊருக்குப் போகிறவர்கள்தான். ஆத்தங்குடிக்கு வக்காலத்து வாங்குகிறீர்களே, செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரை எதன் மேல் நின்றது? தேக்கு விட்டத்தின் மேல். பழைய வீட்டு மச்சுகளில் பலகைத் தளம் இல்லையா? மரம் இந்த ஊருக்குப் புதுசு இல்லை சார்.

கடப்பாக்கல்:
மச்சுப் பலகைக்கு அடியிலும் மேலும் காற்று ஓடும், பலகைக்கு நடுவே விரல் நுழையும், யாரும் கவலைப்படவில்லை. நீங்கள் கான்கிரீட்டில் ஒட்டி, மேலே கண்ணாடி மாதிரி பாலிஷ் அடித்து, கோடு தெரியக் கூடாது என்கிறீர்கள். இரண்டும் ஒன்றா? செல்லு (கரையான்) விஷயத்தை இன்னும் யாரும் எடுக்கவே இல்லை.

ரசமட்டம்:
செல்லு மூன்றாவது மாடிக்கு வராது என்று நினைக்க வேண்டாம், குழாய் போகும் டக்ட் வழியாகவும் கதவு நிலை வழியாகவும் ஏறும். கட்டிய வீட்டுக்கான மருந்து முறை ஐ.எஸ். 6313 மூன்றாம் பகுதியில் இருக்கிறது. தரை போடும் முன்பே சுவர் ஓரத்திலும் நிலை அடியிலும் அடித்துவிடுவது நல்லது, போட்ட பிறகு பலகையைத் துளைக்க மனசு வராது. தேக்கில் வைரம் பாய்ந்த பகுதியைச் செல்லு எளிதில் தொடாது, வெளுத்த பகுதியைத் தின்னும். விலை குறைத்துத் தரும் தேக்கில் அந்த வெள்ளைதான் நிறைய இருக்கும், பாலிஷில் கறை ஏற்றி மறைத்துவிடுவார்கள். பாலிஷ் போடும் முன் பலகையைப் பாருங்கள்.

திருவான்மியூர்_மாடி:
எல்லோருக்கும் நன்றி. இன்டீரியர்காரரிடம் எபாக்சி பற்றிக் கேட்டேன், "ஃபோம் விரித்து மேலே மிதக்கவிட்டால் போதும்" என்கிறார். கார்த்திகையிலேயே போட்டு முடித்துவிடலாமாம். மழைக்காலத்தில் போடலாமா, இல்லை பொங்கல் தாண்டட்டுமா?

ரீப்பர்க்கட்டை:
மிதக்கவிடுவது தப்பில்லை, அடியில் பாலிதீன் ஷீட் ஒன்றின் மேல் ஒன்று ஏறி டேப் ஒட்டியிருக்க வேண்டும். ஆனால் நடந்தால் டொக் டொக்கென்று சத்தம் வரும், கீழ் வீட்டுக்காரரும் உங்களோடு நடப்பார். மாதத்தைப் பற்றிக் கேட்டால், ஆனியில் மேற்குக் காற்றில் காய்ந்து கிடக்கும்போது இறுக்கிப் போட்ட தரைதான் மழையில் தூக்கும். ஈரக்காலத்தில் போட்டால் பிறகு கோடு விழும், தூக்காது. எனக்குக் கோடு பரவாயில்லை.

ரசமட்டம்:
மரத்துக்கு அது சரி, தளத்துக்குச் சரியில்லை. புதுக் கட்டடம், கார்த்திகை மழை, எபாக்சிகூட ஈரத்தளத்தில் சரியாகப் பிடிக்காது. குடிபோனபின் ஒரு அறையைக் காலியாக வைத்துப் பங்குனியில் ஏசி போட்டு, பலகையைப் பிரித்து அடுக்கி, மீட்டரில் பார்த்துப் போடட்டும். தை மாதம் பாய் விரித்துப் படுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

கடப்பாக்கல்:
பாய் விரித்துப் படுத்தால் அப்புறம் மரத்தரையே தேவைப்படாது, அதுதான் என் ஆலோசனையும். மரம் மாதிரியே இருக்கும் நீள டைல்ஸ் வருகிறது, யாராவது போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மொட்டைமாடி_மல்லி:
பார்த்தேன் சார், அழகாகத்தான் இருக்கிறது. மார்கழியில் காலை ஐந்து மணிக்கு அதில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள், அப்புறம் பேசுவோம்.

திருவான்மியூர்_மாடி:
ஒரு அறை மட்டும், பங்குனியில், எஞ்சினியர்டு, முழுக்க ஒட்டி. வீட்டில் இதற்குச் சம்மதம் வாங்கியாயிற்று. இன்னொரு சந்தேகம்: ஹால் டைல்ஸுக்கும் அறைத் தளத்துக்கும் 30 மி.மீ. வித்தியாசம் இருக்கிறது. பலகை 15 மி.மீ.தான்.

ரீப்பர்க்கட்டை:
அப்படியென்றால் கீழே 12 மி.மீ. மரைன் பிளை (தண்ணீர் தாங்கும் பிளைவுட்) வரும், ஐ.எஸ். 710 முத்திரை பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் ஸ்கிரீட் (சிமென்ட் மணல் பூச்சு) போட்டு உயர்த்த வேண்டும், அது மறுபடி காய வேண்டும். அறைக் கதவின் அடியைச் சீவ வேண்டுமா என்று இப்போதே அளந்து அதையும் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். கடைசி நாளில் தனிக்காசு கேட்பது அதற்குத்தான்.