பழைய சன் ஸ்பார்க் டிஸ்க்கை லினக்ஸில் திறப்பது எப்படி?

குமரன்:
எங்கள் ஆய்வகத்துப் பழைய சன் ஸ்பார்க் மெஷின் இப்போது ஆன் ஆவதே இல்லை, ஆனால் அதன் ஸ்கஸி (பழைய வகை இணைப்பு) டிஸ்க் நன்றாக ஓடுகிறது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடி அதை இணைக்க ஒரு அடாப்டெக் ஸ்கஸி கார்டு வாங்கி உபுண்டுவில் போட்டேன். எஃப்டிஸ்க் பார்ட்டிஷன்களைக் காட்டுகிறது, மவுண்ட் மட்டும் ஆகவில்லை. ஸ்பார்க் பிக் எண்டியன் (எண்ணின் பெரிய பைட்டை முதலில் வைக்கும்), என் பிசி லிட்டில் எண்டியன் (சிறிய பைட்டை முதலில் வைக்கும்). டிஸ்க்கைப் பிரதி எடுக்கும் டிடி கட்டளையில் கான்வ்=ஸ்வாப் (conv=swab) கொடுத்து முழு டிஸ்க்கையும் திருப்பிவிடலாமா? உள்ளே இருப்பது எங்கள் பேராசிரியர் வருடக்கணக்கில் சேர்த்த அலை உயர அளவீடுகள், வேறு பிரதி கிடையாது.

மீனாட்சி:
அதை மட்டும் செய்துவிடாதீர்கள் குமரன். ஸ்வாப் பக்கத்துப் பக்கத்து இரண்டு பைட்டைத்தான் இடம் மாற்றும். சன் டிஸ்க்கின் ஃபைல்சிஸ்டமான யுஎஃப்எஸ்ஸின் எண்களில் பெரும்பாலானவை 4 பைட், அதனால் 1 2 3 4 என்பது 2 1 4 3 ஆகுமே தவிர 4 3 2 1 ஆகாது, போதாக்குறைக்கு ஃபைல் பெயர்களும் டெக்ஸ்ட்டும் கெட்டுப்போகும்.

முதலில் டிடிரெஸ்க்யூ கட்டளை வைத்து டிஸ்க்கின் இமேஜ் (முழுப் பிரதி) எடுத்துவிடுங்கள். அப்புறம் பார்ட்டிஷன் தொடக்கத்திலிருந்து 9564 பைட் தள்ளி வரும் 4 பைட்டைப் பாருங்கள் (ஃபைல்சிஸ்டத்தின் அடிப்படை விவரங்கள் இருக்கும் சூப்பர்பிளாக் 8192-ல் தொடங்கும், அடையாள எண் அதில் 1372 தள்ளி இருக்கும்). 00 01 19 54 என்றால் பிக் எண்டியன், 54 19 01 00 என்றால் லிட்டில். 01 00 54 19 என்று வந்தால்தான் இரண்டிரண்டு பைட்டாக மாறியிருக்கிறது என்று அர்த்தம், அட்டாரி ஃபால்கன் என்ற பழைய கம்ப்யூட்டரின் ஐடிஇ டிஸ்க்குகளில் அப்படி நடக்கும், ஸ்வாப் அங்கேதான் உதவும். பைட்டுகளை வரிசை மாறாமல் காட்டும் எக்ஸ்எக்ஸ்டி கட்டளையில் பாருங்கள். ஹெக்ஸ்டம்ப் என்றால் பெரிய சி ஆப்ஷன் கண்டிப்பாக வேண்டும், இல்லாவிட்டால் நம் பிசியில் அதுவே இரண்டிரண்டாகத் திருப்பிக் காட்டி ஏமாற்றிவிடும்.

ரஃபிக்:
மீனாட்சி மேடம் சொன்னது சரி. லினக்ஸின் யுஎஃப்எஸ் டிரைவர் அந்த அடையாள எண்ணை இரண்டு வரிசையிலும் பார்த்து, தேவைப்பட்டால் ஒவ்வொரு எண்ணையும் தானே திருப்பிக்கொள்ளும். எந்த வகை யுஎஃப்எஸ் என்பதை மட்டும் நாம் சொல்ல வேண்டும்: மவுண்ட் ஆப்ஷனில் ஆர்ஓ (படிக்க மட்டும்), கூடவே யுஎஃப்எஸ்டைப்=சன். சன்எக்ஸ்86 என்று ஒன்று இருக்கிறது, அது இன்டெல் பிசியில் ஓடும் சோலாரிஸுக்கு (சன்னின் ஆப்பரேட்டிங் சிஸ்டம்).

குமரன்:
00 01 19 54 வந்தது, மவுண்டும் ஆகிவிட்டது! ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. டெக்ஸ்ட் ஃபைல்கள் அப்படியே இருக்கின்றன. ஆனால் அளவீடுகள் ஃபோர்ட்ரான் பைனரி, படித்தால் எர்ரர் வருகிறது.

ரஃபிக்:
டிரைவர் ஃபைல்சிஸ்டத்தின் எண்களை மட்டும்தான் திருப்பும், ஃபைலுக்குள் இருப்பதைத் தொடாது. ஃபோர்ட்ரான் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் முன்னும் பின்னும் அதன் நீளத்தை எழுதி வைக்கும், 80 பைட் ரெக்கார்டைத் தப்பான வரிசையில் படித்தால் 134 கோடி பைட் என்று எடுத்துக்கொள்ளும். ஜிஃபோர்ட்ரான் கம்பைலரில் எஃப்கன்வர்ட்=பிக்-எண்டியன் கொடுத்து கம்பைல் பண்ணுங்கள், ப்ரோக்ராமில் வேறு எதையும் மாற்ற வேண்டாம்.