செப்புப் பட்டையில் கட்டைவிரல்

திருநகர், ஓய்வுபெற்ற ஆய்வக உதவியாளர்:
விமான எரிபொருள் என்றால் பன்னீர் போல் சுத்தமாக இருக்கும் என்று வேலையில் சேர்ந்த புதிதில் எண்ணியிருந்தேன். விதிமுறையைப் படித்ததும் திகைத்துப் போனேன். மொத்தக் கந்தகம் 0.3 சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் 3,000 பங்கு வரை இருக்கலாமாம். பஸ்ஸுக்கு ஊற்றும் டீசலுக்கோ 2020 ஏப்ரலிலிருந்து வெறும் 10 பங்கு! ஆனால் மெர்காப்டான் என்ற நாற்றக் கந்தகம் மட்டும் விமானத்துக்கு 0.003 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ரப்பர் சீல்களைக் கெடுத்துவிடும்.

அதைப் பிடிக்க 'டாக்டர் சோதனை' இருக்கிறது. சோடியம் பிளம்பைட் என்ற ஈயக் கரைசலோடு மாதிரியைக் குலுக்கி, ஒரு சிட்டிகை கந்தகப் பொடி தூவி மறுபடி குலுக்க வேண்டும். இரண்டு திரவமும் சந்திக்கும் இடத்தில் பொடி மஞ்சளாகவே நின்றால் தப்பித்தோம். கறுத்தால் போயிற்று.

நான் மாட்டிக்கொண்டது, எரிபொருள் உலோகத்தை அரிக்குமா என்று பார்க்கும் செப்புப் பட்டைச் சோதனையில். மெருகேற்றிய பட்டையை எரிபொருளில் மூழ்கவிட்டு 100 டிகிரியில் 2 மணி நேரம் வைத்தேன். எடுத்தால் ஓரத்தில் ஒரு கரும்பழுப்புக் கறை. மேலாளர் பட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, "எண்ணெயில் குற்றமில்லை தம்பி, இது உன் கட்டைவிரல்" என்றார். வடிதாளால் பிடிக்க வேண்டியதை வெறுங்கையால் தொட்டிருக்கிறேன். எல்லாம் முதலிலிருந்து!

அவனியாபுரம், குடும்பத்தலைவி:
அண்ணா, சமையல் கேஸ் கசிந்தால் மூக்கைத் துளைப்பதும் ஒரு மெர்காப்டான்தானே? அங்கே விரட்டுகிறீர்கள், இங்கே விருந்தாளி போல் அழைத்துச் சேர்க்கிறார்கள். போன மாதம் அந்த நாற்றம்தான் எங்கள் ரெகுலேட்டர் கசிவைக் காட்டிக்கொடுத்தது.

சிம்மக்கல், டீசல் பம்ப் பட்டறை:
கந்தகத்தை எடுத்ததால்தான் பம்ப் தேய்கிறது என்று பழைய ஜீப்காரர்கள் என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். பாதி உண்மை. ஹைட்ரஜனும் கோபால்ட்-மாலிப்டினம் வினையூக்கியும் கந்தகத்தைப் பிரிக்கும்போது வழவழப்புத் தரும் பொருள்களும் கூடவே போய்விடுகின்றன. ஈடுகட்ட ஒரு சேர்மானம் கலக்கிறார்கள். டீசலில் உருக்குக் குண்டை உரசிப் பார்க்கும் சோதனையில், குண்டில் விழும் தழும்பு 460 மைக்ரானை (அரை மில்லிமீட்டருக்கும் குறைவு) தாண்டக் கூடாது என்று விதியே இருக்கிறது. நான் பிரித்த பம்புகளில் பெரும்பாலும் தண்ணீரும் தூசியும்தான் குற்றவாளி.

சிவகாசிப் பக்கம்:
எண்ணெயிலிருந்து பிரித்த கந்தகம் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லையே. உலகில் இன்று கிடைக்கும் கந்தகத்தில் பெரும்பகுதி எண்ணெய், எரிவாயு சுத்திகரிப்பில் வருவதுதான். அப்பா பட்டாசு ஆலையில் கந்தக மூட்டை சுமந்தவர். சட்டைப் பையெல்லாம் மஞ்சள் தூள். வெள்ளி மோதிரம் வாரத்துக்கு ஒருமுறை கறுத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அம்மா திருநீறு போட்டுத் தேய்த்துக் கொடுப்பார்.