தாடையில் தொங்கிய மாஸ்க்

குழு: ஆச்சி வீட்டுப் பிள்ளைகள், பாளையங்கோட்டை

செல்வி: பழைய போனில் 2021 பொங்கல் படம் கிடைத்தது, அனுப்பியிருக்கிறேன். நம் வீட்டுப் பையன்கள் நாலு பேரையும் பாருங்கள்.

பெரிய அத்தை: நாலு மாஸ்க்கும் தாடையில்தான் தொங்குது! பொம்பளைப் பிள்ளைகள்தான் கண் மட்டும் தெரிய நிற்கிறார்கள்.

முத்து: கரும்பு தின்றுகொண்டிருந்தோம் அத்தை. மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு எப்படிக் கடிக்க?

செல்வி: ஏல, கரும்பு ஒருத்தன் கையில்தான் இருக்கு.

சின்ன மாமா: அப்போ மாஸ்க் இல்லாவிட்டால் 200 ரூபாய் அபராதம். ஈரடுக்கு மேம்பாலத்துக்குக் கீழே போலீஸைக் கண்டால் மூக்குக்கு ஏறும், தாண்டியதும் இறங்கிவிடும்.

செல்வி: நம் ஊரில் மட்டும் இல்லை மாமா. புராஜெக்டுக்காகப் படித்தேன். 2020 மார்ச், ஏப்ரலில் இத்தாலி, ஜெர்மனி, ஆஸ்திரேலியா என்று 8 நாடுகளில் 21,000 பேருக்கு மேல் கேட்டிருக்கிறார்கள். கொரோனாவைப் பெரிய ஆபத்தாக நினைத்ததும் கட்டுப்பாடுகளை மதித்ததும் பெண்கள்தான் அதிகம். ஜோடியாக ஒரே வீட்டில் இருப்பவர்களிடம் வித்தியாசம் கொஞ்சம் குறைவு.

பெரிய அத்தை: அது பொண்டாட்டி போடுகிற சத்தம்.

முத்து: சரி, நான் ஒன்று கேட்கிறேன். முகத்தை மூடுவது உங்களுக்குப் புதுசா? கொரோனாவுக்கு முன்பே ஸ்கூட்டியில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு போனவர்கள்தானே. அப்புறம், பால், மாத்திரை, ரேஷன் என்று தினமும் வெளியே அலைந்தது யார்?

செல்வி: வெளியே அலைகிறவன்தானே அதிகமாக மூட வேண்டும்?

சின்ன மாமா: மாட்டிக்கிட்டான்.

முத்து: உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஒழுங்காகத்தான் போட்டேன். டீக்கடையில் பயல்கள் "என்னல, சமைஞ்ச பிள்ளை மாதிரி மூடிக்கிட்டு வாரே"ன்னு சிரித்தான்கள். அன்றைக்கு இறங்கியதுதான்.

செல்வி: இதைத்தான் அமெரிக்காவிலும் கண்டிருக்கிறார்கள். மாஸ்க் போடுவது வெட்கம், பலவீனம் என்று பெண்களைவிட ஆண்கள்தான் அதிகம் சொன்னார்களாம், அதே 2020இல். அங்கேயும் ஒரு டீக்கடை இருந்திருக்கும் போல.

பெரிய அத்தை: ஆச்சி பக்கத்தில் இருக்கிறார்கள், சொல்வதை டைப் செய்கிறேன். "எம்பேரனை வையாதீங்க. வெளியே போய்ட்டு வந்தா புறவாசல் குழாயில குளிச்சிட்டுத்தான் உள்ள வருவான்."

செல்வி: ஆச்சி, நீங்கள் வாரியலோடு வாசலில் நின்றீர்களே, அதையும் சொல்லுங்கள்.

முத்து: அந்தப் படம் யாரிடமும் இல்லையே?

சின்ன மாமா: என்னிடம் இருக்கு. பொறு, தேடுகிறேன்.