ஹெர்குலிஸும் கதிர்வீச்சுக் கல்லும்: வாள் சண்டையில் அறிவியல் புனைவு கலந்த பழைய இத்தாலியப் படங்கள், பார்த்தவர்கள் வாங்க

பிரெஞ்சு விமர்சகர்கள் ‘பெப்ளம்’ என்று பேர் வைத்த இத்தாலியப் படங்கள் இருக்கின்றன அல்லவா, ஹெர்குலிஸ், மாசிஸ்தே என்று கட்டுமஸ்தான ஒருவர் வந்து தூணைச் சாய்ப்பார், சங்கிலியை அறுப்பார், அந்த வகை. 1958-ல் ஸ்டீவ் ரீவ்ஸ் நடித்த ஹெர்குலிஸ் படம் பெரிய வசூல் பார்த்ததும் ரோமில் வரிசையாக எடுத்துத் தள்ளினார்கள். அதில் அறிவியல் புனைவு கலந்தவற்றை மட்டும் தேடித் தேடிப் பார்க்கிறவன் நான். பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். முதலில் என்னுடையது.

விட்டோரியோ கொத்தஃபாவி 1961-ல் இயக்கிய அட்லாண்டிஸ் படம்தான் எனக்கு உச்சம். ரெக் பார்க் ஹெர்குலிஸ். இந்த ஹெர்குலிஸுக்கு வீட்டை விட்டுக் கிளம்பவே மனசில்லை, நண்பன் மயக்க மருந்து கொடுத்துக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகிறான், கண் விழித்தால் நடுக்கடல்! அட்லாண்டிஸில் அரசி அந்தினேயா ஆள்கிறாள். அங்கே யுரேனஸ் கடவுளின் ரத்தத்தில் உண்டான ஒரு கல் இருக்கிறது. அதன் முன்னால் கொண்டுபோய் நிறுத்தப்படுகிறவர்களில் பலவீனமானவர்கள் செத்துப்போகிறார்கள் அல்லது உருக்குலைந்து போகிறார்கள், தாக்குப்பிடிப்பவர்கள் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வெளிறிய முடியும் ஒரே முகமுமாகப் படைவீரர்களாகிறார்கள். அந்த வீரர்கள் வரிசையாக நிற்கிற இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். இரண்டாம் உலகப் போர் முடிந்து 16 வருஷம்தான் ஆகியிருக்கிறது, யுரேனஸ் என்ற பேரிலேயே யுரேனியம் இருக்கிறது, இனத் தூய்மை பேசியவர்களை நேரில் பார்த்த தேசத்தில் எடுத்த படம். குழந்தைகளும் பார்க்க வந்த ஒரு சாகசப் படத்துக்குள் அணுகுண்டையும் நாஜிகளையும் கொத்தஃபாவி எவ்வளவு தெளிவாக வைத்திருக்கிறார்! கடைசியில் குகையின் கூரை உடைந்து வெயில் அந்தக் கல்லின் மேல் விழுகிறது, தீவே வெடிக்கிறது.

இதே வருஷம் எட்கர் உல்மர் படம் ஒன்றிலும் அதே அந்தினேயா வருகிறாள் (பியர் பெனுவா 1919-ல் எழுதிய நாவலிலிருந்து வந்தவள்), அங்கே பாலைவனத்தில் அணுகுண்டுச் சோதனையே நடக்கிறது. சஹாராவில் பிரான்ஸ் குண்டு வெடித்தது 1960-ல். அப்போது காற்றில் இருந்த பயம் இது, யாரோ ஒரு தயாரிப்பாளருக்குத் திடீரென்று தோன்றிய மசாலா இல்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், கொத்தஃபாவி படம் 70 மி.மீ. அகலத் திரைக்காக எடுத்தது. டி.வி.க்காக இரண்டு பக்கமும் வெட்டிய பிரதியைப் பார்த்துவிட்டுப் படம் சுமார் என்று தயவுசெய்து யாரும் எழுதாதீர்கள்.

மறுமொழி

அண்ணே, சரியான ஆளிடம் கேட்டீர்கள். நான் முதலில் பார்த்தது 1964-ல் வந்த நிலா மனிதர்கள் படம், ஜாகோமோ ஜென்தீலோமோ இயக்கியது. ஹீரோ பேர் ஆலன் ஸ்டீல் என்று போடுவார்கள், ஆள் செர்ஜோ சியானி என்கிற அசல் இத்தாலியர். இத்தாலிய மூலத்தில் கதாநாயகன் மாசிஸ்தே, அமெரிக்காவில் டப் செய்தபோது ஹெர்குலிஸ் ஆக்கிவிட்டார்கள். மாசிஸ்தேயை இப்படி அழிப்பதில் எனக்கு ரொம்ப வருத்தம். 1914-ல் ‘கபீரியா’ ஊமைப் படத்தில் ஜெனோவா துறைமுகத் தொழிலாளி பார்த்தலோமியோ பகானோ நடித்த பாத்திரம் அது. கிரேக்கப் புராணத்தில் கிடையாது, சினிமாவே பெற்ற பிள்ளை.

கதை, சமார் நாட்டு மலைக்குள் நிலாவிலிருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள், ஊர்ப் பிள்ளைகளைப் பலி கேட்கிறார்கள், அவர்களுடைய ராணி செலீனாவை உயிர்ப்பிக்கக் கிரகங்கள் நேர்கோட்டில் வரக் காத்திருக்கிறார்கள். பாறையே எழுந்து நடக்கிற மாதிரி கல் மனிதர்கள் வருவார்கள், அவ்வளவு மெதுவாக நடப்பார்கள், ஆனால் நிற்க மாட்டார்கள். அந்த மெதுவுதான் எனக்குப் பயம்.

எல்லோரும் குறை சொல்வது மணல் புயல் காட்சியை, நீளம் என்று. நான் அதை ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு ஹெட்போனில் பார்த்தேன். திரை முழுக்க மஞ்சள் புழுதி, ஆட்கள் நிழல் மாதிரி விழுந்து எழுகிறார்கள், யார் எங்கே என்றே தெரியாது, காற்றுச் சத்தம் மட்டும் காதுக்குள் போய்க்கொண்டே இருக்கும். பணம் இல்லாமல் வேற்றுக் கிரகத்தைக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மறுமொழி

60-கள் எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரியும். எங்கள் தெரு கேசட் கடையில் கிடைத்தது 1983-ல் லூயிஜி கோசி எடுத்த ஹெர்குலிஸ், லூ ஃபெரிக்னோ நடித்தது. கடவுளர் ஜீயஸும் ஹீராவும் நிலாவில் குடியிருக்கிறார்கள், வில்லன் மன்னன் மினோஸ் அறிவியலைத்தான் கும்பிடுகிறான், அவனுக்காக டெடலஸ் இயந்திர ராட்சதர்களைச் செய்து கொடுக்கிறாள் (ஆமாம், புராணத்தில் ஆணான சிற்பி டெடலஸ் இதில் பெண்). ஹெர்குலிஸ் ஒரு கரடியைத் தூக்கி வானத்தில் எறிகிறான், அது நட்சத்திரக் கூட்டமாகிவிடுகிறது. அப்புறம் ஒரு பாறையில் கயிற்றைக் கட்டி விண்வெளிக்கு வீசுவான் பாருங்கள், தேர் அதன் பின்னாலேயே பறக்கும். ஏழெட்டு வயதில் அதைப் பார்த்தவனுக்குப் புராணம் வேறு, விண்வெளி வேறு என்று பிரிக்கத் தோன்றுமா? அதே வருஷம் வந்த மார்கெரீதி இயக்கிய ‘யோர்’ படத்தில் கற்கால வீரன் என்று நினைத்தவன் கடைசியில் அணு யுத்தத்துக்குப் பிந்தைய எதிர்காலத்தில் நிற்பான், துருக்கியின் கப்படோசியா மலைகளுக்கு நடுவே எடுத்தது.

நம் பக்கத்திலும் 1963-லேயே ‘கலை அரசி’யில் எம்.ஜி.ஆர். வேற்றுக் கிரகத்துக்குப் போய் வந்துவிட்டார், இவர்களைப் பார்த்து எடுத்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் காலம் ஒன்றுதான்.

புதிதாகத் தொடங்குபவர்கள் அண்ணன் சொன்ன கொத்தஃபாவியிலிருந்தே தொடங்குங்கள், இத்தாலிய ஒலியோடு, அகலப் பிரதியில். அடுத்து அதே 1961-ல் வந்த ‘ஜயன்ட் ஆஃப் மெட்ரோபொலிஸ்’, கார்டன் மிட்செல் நடித்தது. கி.மு. 20,000-ல் நடக்கிற கதை, விஞ்ஞானத்தால் சாவையே வெல்லப் பார்க்கிற அரசன் அதில் வருகிறான். அதைப் பார்த்தவர் யாராவது இருந்தால் அடுத்ததாக எழுதுங்கள், எனக்கு நிறையப் பேச வேண்டியிருக்கிறது.