பொருள்: ‘டிசைன் பேட்டன்ட்’டுக்குத் தமிழ்ச்சொல் – வெள்ளிக்குள் வேண்டும்

கோத்தகிரி, திங்கள் இரவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சனிக்கிழமை உதகையில் ஒரு கூட்டம். தோடர் பூத்தையல் செய்யும் பெண்களும் என் பன்னிரண்டாம் வகுப்பு வணிகவியல் மாணவிகளும் வருகிறார்கள். ஒரு பொருளின் தோற்றத்துக்குச் சட்டம் என்ன பாதுகாப்புத் தருகிறது என்று எட்டுப் பக்கக் கையேடு எழுதிவருகிறேன். வெள்ளி மதியம் அச்சுக்குப் போக வேண்டும். டேப்லெட்டுக்காக ஆப்பிளும் சாம்சங்கும் மோதிக்கொண்ட வழக்கைத்தான் எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்கு அந்த இரண்டு பெயரும் தெரியும்.

பொருளின் தோற்றத்தைக் காக்கும் அமெரிக்க ‘டிசைன் பேட்டன்ட்’ வரும் இடமெல்லாம் ‘வடிவமைப்புக் காப்புரிமை’ என்று எழுதி இன்று வகுப்பில் வாசித்துப் பார்த்தேன். “காப்புரிமை பாட்டுக்கும் புத்தகத்துக்கும் உள்ளதுதானே, டீச்சர்?” என்று ஒருத்தி கேட்டாள். “வடிவமைப்பு என்றால் உள்ளே இருக்கும் சர்க்யூட்டா?” என்று இன்னொருத்தி. இரண்டும் நியாயமான கேள்விகள். பேட்டன்டையும் காபிரைட்டையும் நாளிதழ்களே ‘காப்புரிமை’ என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகின்றன. டேப்லெட்டுக்கும் ஒரு சொல் தேவை. உதவுங்கள்.

குன்னூர், செவ்வாய் காலை

ஆசிரியை அவர்களுக்கு,

சொல்லைத் தேடுவதற்கு முன் பொருளைச் சரிசெய்துகொள்வோம். இந்தியச் சட்டத்தில் டிசைன் பேட்டன்ட் என்று ஒன்று கிடையாது. கண்டுபிடிப்புக்கு 1970ஆம் ஆண்டுச் சட்டம் பேட்டன்ட் தருகிறது, 20 ஆண்டுக்கு. தோற்றத்துக்கு 2000ஆம் ஆண்டு வடிவமைப்புகள் சட்டம் இருக்கிறது. அதில் நடப்பது பதிவு. முதலில் 10 ஆண்டு, கேட்டால் இன்னும் 5. அமெரிக்கர்கள் இரண்டையும் பேட்டன்ட் என்ற ஒரே குடையின் கீழ் வைத்திருக்கிறார்கள். ஆகவே அவர்களுடையதற்கு ஒரு சொல், நம்முடையதற்கு ஒரு சொல் என்று இரண்டு வேண்டும்.

உங்கள் மாணவி கேட்ட சர்க்யூட் கேள்விக்கு நம் சட்டமே பதில் வைத்திருக்கிறது. கண்ணைக் கவர்ந்து, கண்ணால் மட்டுமே மதிப்பிடப்படும் கூறுகள்தான் டிசைன். பொருளைக் கட்டும் முறையும் வெறும் இயந்திர அமைப்பும் அதில் சேராது.

வழக்கின் செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். டேப்லெட்டுக்காக ஆப்பிள் கையில் வைத்திருந்தது டி504889 என்ற எண்ணுள்ள பேட்டன்ட். 2004இல் விண்ணப்பித்து 2005இல் பெற்றது. ஐபேட் கடைக்கு வந்தது 2010இல்தான். அந்தப் பேட்டன்டில் இருப்பவை சில கோட்டுப் படங்கள்: தட்டையான முகம், வளைந்த நான்கு மூலைகள். 2011 ஏப்ரலில் ஆப்பிள் சாம்சங் மீது வழக்குப் போட்டது. அக்டோபரில் கலிபோர்னியா நீதிமன்றத்தில் நீதிபதி லூசி கோ, கைக்கு ஒன்றாக ஐபேடையும் கேலக்ஸி டேப் 10.1ஐயும் தூக்கிப் பிடித்து, எது உங்களுடையது என்று சாம்சங் வழக்கறிஞரைக் கேட்டார். சுமார் பத்தடி தள்ளி நின்ற அவர், இந்தத் தூரத்திலிருந்து சொல்ல முடியாது என்றார்.

இதைப் படித்தவர்கள் எல்லாம் டேப்லெட் வழக்கில் சாம்சங் தோற்றது என்றே நினைக்கிறார்கள். கையேட்டில் அப்படி எழுதிவிட வேண்டாம். 2012 ஆகஸ்டில் ஜூரிகள் விதித்த 100 கோடி டாலருக்கு மேற்பட்ட இழப்பீட்டில் பெரும்பங்கு கைப்பேசிகளுக்கானது. டேப்லெட்டின் தோற்றம் அந்த 889 பேட்டன்டை மீறவில்லை என்பதே அவர்கள் தீர்ப்பு.

கொடைக்கானல், செவ்வாய் இரவு

அம்மா, வாழ்த்துகள். வக்கீல் தம்பி தெளிவாகச் சொன்னார்.

‘வடிவமைப்பு’ ஏன் இடறுகிறது என்று பார்ப்போம். வடி, வடிவு, வடிவம், வடித்தல் எல்லாம் ஒரு குடும்பம் என்பது என் துணிபு. ‘வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே’ என்ற புறநானூற்று அடி நாம் எல்லாரும் அறிந்தது. கொல்லன் வடித்தது வேலின் கூர்மையை. அது பாயும், தைக்கும். அது பார்வைக்கு எப்படி இருந்தது என்பது அங்கே பேச்சில்லை. அதோடு ‘அமைப்பு’ சேரும்போது பாலத்தின் வடிவமைப்பு, அணையின் வடிவமைப்பு என்று பொறியியலுக்கே போய்விடுகிறது. உங்கள் மாணவியின் காது சரியான காது.

இனி என் முன்மொழிவு. தொல்காப்பியத்தில் உவமையைப் பேசும் உவமவியலின் முதல் நூற்பாவை எடுங்கள்.

‘வினைபயன் மெய்உரு என்ற நான்கே
வகைபெற வந்த உவமத் தோற்றம்.’

ஒன்று இன்னொன்றைப் போல் இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறோம்? நான்கே வழி. புலி போலப் பாய்ந்தான், இது வினை. மாரி போல வழங்கினான், இது பயன். துடி போன்ற இடை, இது மெய். பொன் போன்ற மேனி, இது உரு. மெய் என்றால் வடிவு, உரு என்றால் நிறம் என்று உரைகாரர்கள் பிரித்துக் காட்டுகிறார்கள். இப்போது பேட்டன்டுக்கு வாருங்கள். ஒரு கருவி என்ன செய்கிறது, என்ன பயன் தருகிறது என்பதைக் காப்பது பொதுவான பேட்டன்ட். அது வினையும் பயனும். எப்படி இருக்கிறது என்பதை மட்டும் காப்பது டிசைன் பேட்டன்ட். அது மெய்யும் உருவும். அமெரிக்கச் சட்டம் இரண்டாகப் பிரித்ததைத் தொல்காப்பியர் நான்காகப் பிரித்து வைத்திருக்கிறார். ஆகவே ‘மெய்யுருக் காப்பு’ என்று முன்மொழிகிறேன்.

‘சாயல்’ என்று யாராவது சொல்ல வருவீர்கள். ‘சாயல் மென்மை’ என்பது தொல்காப்பிய உரியியல். ஒத்திருத்தல் என்பது பின்னால் ஏறிய பொருள். வழக்குக்கு உதவாது.

டேப்லெட்டுக்குப் பலகை. சங்கப் பலகையைவிடப் பழைய பலகை வேறேது? தகுதியுள்ள புலவர்க்கு மட்டும் இடம் கொடுத்து அதற்கேற்ப நீண்டது என்பது கதை. அந்தக் கதையை இன்னொரு மடலில் விரிக்கிறேன்.

உதகை, புதன் காலை

> ஆகவே ‘மெய்யுருக் காப்பு’

புலவர் ஐயா மன்னிக்க வேண்டும். உவமவியலோடு பொருத்திக் காட்டியதைப் படித்து எழுந்து நின்றுவிட்டேன். ஆனால் கையேட்டை அச்சடிக்கப் போகிறவன் நான். எழுத்தைக் கோக்கும் பையன் முதலில் கேட்பது ‘இது என்ன சொல், அண்ணா?’ என்றுதான். ‘மெய்’ என்றால் இன்று உண்மை, இல்லாவிட்டால் மெய்யெழுத்து. மெய்யுரு என்று போட்டால் ‘உண்மையான உருவம்’ என்றுதான் படிப்பார்கள். போலியைப் பற்றிய வழக்கில் அது தலைகீழான பொருளைத் தந்துவிடும்.

கமர்ஷியல் ரோட்டில் சால்வை வாங்க வருகிறவர் ‘இதே டிசைனில் வேறு நிறம் இருக்கிறதா?’ என்று கேட்கிறார். டிசைன் தமிழாகி எத்தனையோ காலம் ஆயிற்று. ‘டிசைன் உரிமை’ என்று போடுவோம். டேப்லெட்டை டேப்லெட் என்றே விடுவோம்.

கொடைக்கானல், புதன் மதியம்

தம்பி, கடன் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ‘வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ’ என்று கடனுக்கே விதி செய்தவர்கள் நாம். ஆனால் கடன் வாங்கும் முன் வீட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாணவி ‘டிசைன்’ என்ற சொல்லைப் படித்தால் அதற்குள் நுழைய வழியில்லை. ‘மெய்யுரு’ என்று படித்தால் ஒருமுறை விளக்கம் கேட்பாள், பிறகு வாழ்நாள் முழுவதும் அவளுடையது. காப்பியடிப்பதைத் தடுக்கும் உரிமையைக் காப்பியடித்த சொல்லால் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

உதகை, புதன் இரவு

நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. பூத்தையல் பெண்களுக்குப் பத்து வருடமாகக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். சனிக்கிழமை வரப்போகிறவர்கள் இவர்கள்தான் என்பதால் எழுதுகிறேன்.

கெட்டியான வெள்ளைத் துணி, சிவப்பு நூல், கறுப்பு நூல். துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை. இழையை எண்ணி ஊசியை விடுகிறார்கள். ஓர் இழை தவறினால் அந்த வரிசையைப் பிரித்துவிடுகிறார்கள். நூல் மேடிட்டு நிற்கும் பக்கத்தை நான் முதலில் பின்பக்கம் என்று நினைத்து மடித்து வைத்தேன். ஒரு பாட்டி வாங்கி, திருப்பி மடித்துக் கொடுத்தார். அவர்களுக்கு அதுதான் முகப்பு. மெஷினில் அடித்த சால்வையைக் கையில் எடுத்ததும் அவர்கள் விரல் போவது அந்தப் பக்கத்துக்குத்தான்.

இவர்களுக்கு டிசைன் பதிவு பயன்படாது என்பதையும் கையேட்டில் தெளிவாக எழுதுங்கள், டீச்சர். பதிவுக்குப் புதிதாக இருக்க வேண்டும். பூத்துக்குளி என்ற தோடர் சால்வையில் வரும் கோலங்கள் தலைமுறை தலைமுறையாக வருபவை, ஒருவர் பெயரில் பதிய முடியாது. அதனால்தான் 2013இல் புவிசார் குறியீடு வாங்கப்பட்டது. இரண்டையும் குழப்பினால் அவர்கள் வீண் நம்பிக்கையோடு தங்கள் மந்துக்கு, அதாவது ஊருக்கு, திரும்பிப் போவார்கள். எனக்கு அந்தக் கவலைதான் பெரிது.

சொல்லைப் பற்றிக் கேட்டால், அந்தப் பெண்கள் என்னிடம் தமிழில் பேசும்போது, ‘பார்த்தால் நம்முடையது மாதிரியே தோன்றுகிறது’ என்கிறார்கள். தோன்றுவது தோற்றம். ‘தோற்ற உரிமை’ என்று வைத்தால் என்ன?

கொடைக்கானல், வியாழன் அதிகாலை

அம்மா, உங்கள் மடலை இரண்டு முறை படித்தேன். பொருளில் குறையே இல்லை. ஆனால் ‘தோற்ற உரிமை’ என்பதை உரக்கப் படித்துப் பாருங்கள். தோற்றுப்போன உரிமை என்று காதில் விழுகிறது. வழக்கைப் பற்றிய கையேட்டில் இது பெரும்பிழை. ‘தோற்ற வழக்கு’ என்றால் யாருக்கும் ஐயமே வராது.

கோத்தகிரி, வியாழன் காலை

ஐயா, அதற்கு உங்கள் இலக்கணத்திலேயே வழி இருக்கிறதே. தோற்றுப்போன என்ற பொருளில் ‘தோற்ற’ பெயரெச்சம். பெயரெச்சத்துக்குப் பின் வல்லினம் மிகாது: தோற்ற கட்சி, தோற்ற குதிரை. தோற்றம் என்ற பெயர் நிலைமொழியானால் மகரம் கெட்டு வல்லினம் மிகும்: தோற்றக் காப்புரிமை. அந்த ஒற்று நடுவில் நிற்கும்வரை பொருள் மாறாது. ‘உரிமை’ உயிரில் தொடங்குவதால்தான் மயக்கம். அடுத்த சொல்லை வல்லினத்தில் தொடங்கிவிட்டால் போதும்.

இன்னொன்று. நீங்கள் எடுத்துக் காட்டிய நூற்பா முடிவதே ‘தோற்றம்’ என்ற சொல்லில்தானே?

குன்னூர், வியாழன் மதியம்

‘தோற்றக் காப்புரிமை’ அமெரிக்கப் பேட்டன்டுக்கு. நம்முடையதற்குச் சட்டத்தின் பெயரை ஒட்டி ‘வடிவமைப்புப் பதிவு’. என் வாக்கு இதற்கு. காப்புரிமை என்றால் பேட்டன்ட் மட்டுமே, பாட்டுக்கும் புத்தகத்துக்கும் பதிப்புரிமை என்று முதல் பக்கத்திலேயே ஒரு வரி போட்டுவிடுங்கள்.

இன்னொரு சொல்லை எல்லாரும் மறந்துவிட்டோம். ஒத்திருக்கிறதா என்று யார் கண்ணால் பார்ப்பது? 1871இல் வெள்ளிக் கரண்டிக் கைப்பிடிகளைப் பற்றிய ஒரு வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதற்கு அளவுகோல் வைத்தது. நிபுணர் கண் அல்ல. வாங்க வருகிறவர் வழக்கமாகக் காட்டும் கவனத்தோடு பார்க்கும் சாதாரணக் கண். ‘பொதுநோக்கர்’ என்று எழுதலாம் என்று நினைத்தேன். பூத்தையல் மடலைப் படித்த பின் ‘வாங்குபவர் கண்’ போதும் என்று தோன்றுகிறது. துணியைத் திருப்பிப் பார்க்கும் பாட்டி நிபுணர். கடையில் நிற்கும் சுற்றுலாப் பயணி வாங்குபவர். சட்டம் அந்தப் பயணியின் கண்ணைத்தான் கேட்கிறது.

கண்ணுக்குக் கண் வேறுபடும் என்பதற்கு இந்த டேப்லெட்டே சான்று. 2011 ஆகஸ்டில் ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நீதிமன்றம் கேலக்ஸி டேப் 10.1 விற்பனைக்குத் தடை போட்டது. சாம்சங் முகப்பை மாற்றி 10.1என் என்று இறக்கியது. 2012 ஜூலையில் லண்டனில் நீதிபதி பர்ஸ், ஆப்பிளின் எளிமை சாம்சங்கிடம் இல்லை, ஆகவே மீறல் இல்லை என்று தீர்ப்பளித்தார்.

பண்ணைக்காடு, வியாழன் மாலை

‘தோற்றக் காப்புரிமை’க்கு என் ஆதரவும்.

டேப்லெட்டுக்கு ‘சிலேட்டுக் கணினி’ என்று எழுதுங்கள். சங்கப் பலகையை நாம் யாரும் பார்த்ததில்லை. சிலேட்டு எல்லார் மடியிலும் இருந்தது. கறுப்பு முகம், சுற்றிலும் மரச்சட்டம், மழுக்கிய மூலைகள். என் சிலேட்டின் ஒரு மூலையில் தகரம் பெயர்ந்து விரலைக் கீறும், அப்பா அதைச் சுத்தியலால் தட்டிக் கொடுத்தார். அந்த 889ஆம் பேட்டன்டின் படத்தைப் பார்த்ததும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. செய்தித்தாள் படிப்பதற்காக 1994இல் நைட் ரிட்டர் நிறுவனம் செய்து காட்டிய ஒரு டேப்லெட்டைத்தான், இந்தத் தோற்றம் ஆப்பிளுக்கு முன்பே இருந்தது என்பதற்குச் சான்றாகச் சாம்சங் காட்டியது. எங்கள் பள்ளிக்கூடத்தில் கேட்டிருந்தால் நாற்பது கொடுத்திருப்போம்.

உதகை, வியாழன் இரவு

ஒற்றோடு ‘தோற்றக் காப்புரிமை’ சரி. முதல் முறை வரும் இடத்தில் ‘டிசைன் பேட்டன்ட் எனப்படும்’ என்று ஒருமுறை போட அனுமதியுங்கள். ஒற்று விழாமல் நானே மெய்ப்புப் பார்க்கிறேன்.

கோத்தகிரி, வெள்ளி காலை

அனைவருக்கும் நன்றி. தோற்றக் காப்புரிமை, வடிவமைப்புப் பதிவு, வாங்குபவர் கண், சிலேட்டுக் கணினி. ஏழாம் பக்கம் முழுவதும் புவிசார் குறியீட்டுக்கு. புலவர் ஐயாவின் நூற்பாவை மூன்றாம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறேன். வினை, பயன் ஒரு பக்கம், மெய், உரு மறுபக்கம். மாணவிகளுக்கு இதைவிடத் தெளிவாக என்னால் விளக்க முடியவில்லை. கோப்பு அச்சகத்துக்குப் போய்விட்டது.

கொடைக்கானல், வெள்ளி இரவு

அம்மா, கட்டம் கட்டியதற்கு நன்றி. ஆனால் பதிவுக்காக எழுதி வைக்கிறேன். அந்த நூற்பாவில் ‘உவமத் தோற்றம்’ என்பது உவமம் தோன்றும் இடம், அது பிறக்கும் வகை. கண்ணுக்குப் படும் உருவம் என்ற பொருள் அங்கே இல்லை. அந்தச் சொல்லைச் சான்றாகக் காட்டி ‘தோற்றக் காப்புரிமை’யை நிறுவ முடியாது. இரண்டாம் பதிப்பு வந்தால் மெய்யுருவை மீண்டும் பரிசீலியுங்கள். சங்கப் பலகை மடல் நாளை வரும்.