படிக்காமல் தள்ளிவிட்ட எச்சரிக்கை

மருந்துச்சீட்டுகள் கணினி வழியே வரத் தொடங்கியபோது அதை மகிழ்ந்து வரவேற்ற மருந்தாளுநர்களுள் நானும் ஒருவன். புரியாத கையெழுத்தை இருவர் மூவராகக் கூடிப் படிக்கும் நிலை அன்றோடு தீர்ந்தது. ஆனால் ஒவ்வொரு சீட்டுக்கும் நான்கைந்து எச்சரிக்கைகள் திரையில் எழுந்தன. வழக்கமான மருந்தை அடுத்த மாதத்திற்கு வழங்கினால்கூட 'இரட்டிப்பு' என்று மென்பொருள் தடுத்தது. சில வாரங்களிலேயே என் விரல் அவற்றைப் படிக்காமல் தள்ளிவிடப் பழகிவிட்டது.

அப்படியொரு நாளில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் உட்கொண்டுவந்த முதியவர் ஒருவருக்குச் சிறுநீர்த் தொற்றுக்காகக் கோ-டிரைமாக்சசோல் என்ற நுண்ணுயிர்க்கொல்லி எழுதப்பட்டிருந்தது. இரண்டும் சேர்ந்தால் வார்ஃபரினின் வீரியம் கூடி ரத்தக்கசிவு நேரலாம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மென்பொருளும் அதைச் சொல்லத்தான் செய்தது. மற்றவற்றோடு சேர்த்து அதையும் தள்ளிவிட்டேன். மாத்திரையைக் கையில் வாங்கிய பெரியவர், "ரத்தம் உறையாமல் இருக்க நான் போடும் மாத்திரையோடு இதையும் சாப்பிடலாமா?" என்று கேட்டிராவிட்டால் அது அவர் வீட்டுக்குப் போயிருக்கும். மருத்துவரிடம் பேசி மருந்தை மாற்றினோம். அன்றிரவு எனக்கு உறக்கமில்லை.

பின்னர், எச்சரிக்கைகளை மருந்தாளுநர்களே ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேவையற்றவற்றை நீக்கவும், கடுமையானவற்றைக் காரணம் எழுதாமல் கடக்க முடியாதபடி அமைக்கவும் நிர்வாகம் இசைந்தது. ஒரு தொழில்நுட்பத்தின் பயன், கையாளும் எளிமை ஆகியவை பற்றி மனிதர் கொள்ளும் எண்ணமே அதை அவர்கள் ஏற்பதற்கு அடிப்படை என்று தகவல் தொழில்நுட்பப் பயன்பாட்டை ஆராய்ந்த ஃபிரெட் டேவிஸ் 1989-இல் எழுதினார். எங்களுக்குப் பயனில் ஐயமே இருந்ததில்லை. பயனுள்ள ஓர் எச்சரிக்கை பயனற்ற பலவற்றுள் புதைந்து கிடந்ததுதான் சிக்கல்.

* * *

மேலே எழுதியவரின் அனுபவம் வேறு வடிவில், மற்றொரு மருந்தாளுநரான எனக்கும் நேர்ந்தது. முடக்குவாதத்திற்கு மெத்தோட்ரெக்சேட்டை வாரம் ஒருமுறைதான் கொடுக்க வேண்டும். தவறுதலாக நாள்தோறும் உட்கொண்டால் எலும்பு மஜ்ஜை பாதிக்கப்பட்டு உயிரே போகலாம். எங்கள் மென்பொருளிலோ, மருந்தைத் தேர்ந்தெடுத்தவுடன் 'தினமும்' என்பது தானாகவே நிரம்பியது. அப்படி வந்த சீட்டில் பயிற்சியிலிருந்த இளையவருக்குச் சந்தேகம் எழவில்லை. கையெழுத்தாக இருந்திருந்தால் கேட்டிருப்பேன் என்றும், அச்சில் தெளிவாக இருந்ததால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன் என்றும் பின்னர் வருந்திச் சொன்னார். மூன்று முறை எழுதிக் கேட்ட பிறகே அதை 'வாரம் ஒருமுறை' என்று மாற்றி, எந்தக் கிழமை என்பதையும் குறிக்கச் செய்தார்கள்.

கணினியை நம்பத் தயங்கும் மூத்தவர்களை மாற்றத்திற்கு எதிரானவர்கள் என்று ஒதுக்குவது எனக்கு ஒப்புதலில்லை. அந்தச் சீட்டை இறுதிச் சரிபார்ப்பில் நிறுத்தி வைத்தவர் அவர்களுள் ஒருவர்தாம்.